மூடியின் உள்விளிம்பில் இருந்த சந்தனம்

மோகன்,

உன் நிச்சயதார்த்தத்தில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் முனுசாமி அந்தக் கதையை எடுத்திருக்க வேண்டாம். அவனைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தவன், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். அன்றைக்கு ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு உனக்குச் சித்தப்பா மாதிரி உட்கார்ந்திருந்தான். பெண் வீட்டார், "சம்மந்தி இன்னா வேல பாத்துக்கினு இருந்தாரு?" என்று கேட்டதும் பெருமை தாங்காமல் ஆரம்பித்துவிட்டான். கடல் உப்பில் உலகத்தில் யாருமே பார்க்காத ஒன்றை நான் தேடினேனாம், கிடைத்துவிட்டது என்று எல்லாரும் குதித்தார்களாம், கடைசியில் பார்த்தால் அது என் பெண்டாட்டி ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமாம், அதையும் நானே சுரண்டி எரித்துவிட்டேனாம். கூடம் முழுக்கச் சிரிப்பு. உன் வருங்கால மாமனார் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்த மாதிரிதான் முகத்தை வைத்திருந்தேன். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் கை கழுவும் இடத்தில் என்னை நிறுத்தி, "அதுல அம்மாவோட வெரல் பதிஞ்சிருந்துச்சாமே நைனா? அதயா எரிச்ச?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "ஏன்?" என்றாய். பின்னால் கை கழுவ நின்றவருக்கு வழி விட்டு ஒதுங்கினேன். "அம்மா செத்தப்பவும் நீ அழுவல. மெய்யாவே நீ ஒரு மிஷினுதான் நைனா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்கு முன்பு வரை, அம்மா இல்லாத அப்பா மணையில் உட்காரக் கூடாது, ஜோடியாக இருப்பவர்கள்தான் உட்கார வேண்டும் என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னபோது, "எங்க நைனாதான் குந்தணும், இல்லன்னா கல்யாணமே வேணாம்" என்று அடம் பிடித்தவன் நீ. இந்த வாரம் உன் மாமா வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, மோகன் சொல்லி அனுப்பிச்சான். மணையில நானும் உங்க தங்கச்சியும் குந்திக்கறோம்" என்றார். சரி என்றேன். அந்த முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் நாங்கள் எதைத் தேடினோம் என்று சொல்லிவிடுகிறேன், முனுசாமி சொன்னதில் பாதிதான் சரி. உலகத்தில் மின்னூட்டம் எங்கே இருந்தாலும் ஒரே அளவுத் துண்டுகளாகத்தான் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கும், அரை என்றோ கால் என்றோ இருக்காது. உன் அம்மா கேட்டபோது இட்லியை வைத்துச் சொன்னேன். எந்த ஊரில், எந்த வீட்டில் கேட்டாலும் முழு இட்லியாகத்தான் தட்டில் விழுகிறது. ஆனால் எங்கேயோ மூன்றில் ஒரு பங்கு இட்லியும் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டில் சிலர் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அறுபதுகளின் நடுவில் அந்தப் பேச்சு வந்ததும் உலகமெங்கும் ஆட்கள் கிடைத்ததை எல்லாம் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். கல், காற்று, கடல் தண்ணீர், சிப்பி எதையும் விடவில்லை. அப்படி ஒரு துண்டு ஏதாவது ஓர் அணுவில் ஒட்டிக்கொண்டால் அது போகவே போகாது, அதைச் சரிக்கட்ட இன்னொரு மூன்றில் ஒரு பங்கு எதிரே வர வேண்டும். அதனால் விண்கதிர்களோடு வானத்திலிருந்து விழுந்த அந்தத் துண்டுகள் எல்லாம் காலங்காலமாகக் கடலில்தான் தங்கியிருக்கும் என்பது எங்கள் புரொபசரின் எண்ணம். சரோஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூணுல ஒரு பங்கு இட்லிய யாரு துன்னுட்டு மிச்சம் வெச்சிருப்பாங்க?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்று வரை யாரிடமும் சரியான பதில் இல்லை.

உப்பைக் காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பளத்திலிருந்து கொண்டு வருவோம். படகில் போக வேண்டும். முனுசாமி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி வருவான். ஆய்வுக்கூடம் என்று பெரிதாகச் சொல்கிறேன், அது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு பழைய நெல் கிடங்கு. பட்டணத்தில் மின்சார ரயிலும் வெல்டிங்கும் எங்கள் மீட்டர் முள்ளை ஆட்டி வைக்கும் என்பதற்காக அவ்வளவு தூரம் வந்தோம். இன்று நீ இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்க்கிறாயே, அந்தப் பேட்டை அப்போது முள்ளுக்காடு. உள்ளே தண்ணீர்க் குடம் அளவுக்கு ஓர் எஃகுக் கலம் இருந்தது. அதிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே ஒரு சிறு பிளாட்டினத் தட்டில் உப்பை வைத்துச் சூடாக்குவோம். அதிலிருந்து கிளம்பும் அயனிகளை மின்புலம் பிடித்து, எந்தச் சுவரிலும் படாமல் நடுவெளியிலேயே சுற்ற வைக்கும். ஒன்றைப் பிடித்து அந்தரத்தில் வைத்துக்கொண்டிருப்பது சாதாரண விஷயம் இல்லை. பிறகு ஒவ்வொரு எடையாக வெளியே தள்ளி எண்ணினால், வரைபடத் தாளில் பேனா எழும்பி எழும்பி இறங்கும். சோடியத்தின் எடை இருபத்துமூன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் மட்டும் இருந்தால் எங்கள் கருவி ஏமாந்துபோய் அதை மும்மடங்கு கனம் என்று நினைத்துக்கொள்ளும், அறுபத்தொன்பதில் பேனாவைத் தூக்கும். அந்த இடத்தில் ஒரு சிறு மேடு எழும்ப வேண்டும். அதற்காகத்தான் அத்தனை வருஷமும் காத்துக்கொண்டிருந்தோம்.

புரொபசர் திருவள்ளூர்க்காரர். பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம், அவர் மட்டும் பௌதிகம் படித்துவிட்டு இங்கே வந்துவிட்டார். நெற்றியில் திருமண் இல்லாமல் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் மிஷின் மேல் ஒரு பொட்டு வைத்தால் தாம்தூம் என்று குதிப்பார். "நம்ம நெத்தி வேற, அதோட நெத்தி வேற. ஒரு கைரேகை பட்டாலே ஒரு மாசம் அழுக்கு வாந்தி எடுக்கும். தொடச்சிடுங்கோ" என்பார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெற்றிடத்தில் விரல் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதன் துணுக்குகள் எல்லாம் பேனாவில் வரும். எண்ணெய் பம்ப்பே வேண்டாம் என்று பாதரச பம்ப் வாங்கியவர் அவர். ஆனால் ஆயுத பூஜை அன்று வீட்டுப் பெண்கள் வந்தால் அவரால் தடுக்க முடியாது. அவர்கள் பம்ப்புக்கும் மீட்டருக்கும் கலத்தின் வயிற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் புன்னகையோடு வழியனுப்பிவிட்டு, அவர்கள் தெரு திரும்புவதற்குள் ஸ்பிரிட்டில் நனைத்த துணியோடு கிளம்பிவிடுவார். சரோஜா ஒரு வருஷம் மறந்து வைத்த டிபன் கேரியரை எடுக்கத் திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "உங்க சாமியாரு தெனம் கொழச்சிக் கொழச்சி நாமம் போட்டுக்கறாரு, அந்த மிஷினு மட்டும் மூளியா நிக்கணுமா?" என்று இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டாள். பொட்டு வைத்தால் வேலை நன்றாக நடக்கும் என்பதெல்லாம் இல்லை. புருஷனுக்குச் சோறு போடுகிற பொருளை வெறும் முகத்தோடு விடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கட்சி.

அடுத்த ஆயுத பூஜை சமயத்தில் கலத்தின் பெரிய மூடி கழற்றி வைத்திருந்தது. வழக்கமாக அதைத் திறக்க மாட்டோம், உப்பு வைப்பதற்குப் பக்கவாட்டில் ஒரு சிறு வாசல் உண்டு. பெரிய மூடியைத் திறந்தால் மறுபடி வெற்றிடம் வர நாள் கணக்கில் ஆகும். அந்த முறை ரப்பர் வளையம் மாற்ற வேண்டியிருந்தது, அதனால் மூடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தோம். பெண்கள் வந்தார்கள், பூசணிக்காய் உடைத்தோம், பொரிகடலை கொடுத்தார்கள், போனார்கள். புரொபசர் துணியோடு ஒரு சுற்று வந்தார். நானும் முனுசாமியும் மூடியை இறக்கிப் பூட்டினோம். என் கண்ணில் எதுவும் படவில்லை.

ஐப்பசி மழையில் கிடங்கு ஒழுகிக்கொண்டிருந்தபோது அறுபத்தொன்பதில் பேனா எழும்பியது. பெரிய மேடு இல்லை, ஆனால் ஒவ்வொரு முறை உப்பைச் சூடாக்கும்போதும் வந்தது. புரொபசர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "பகவானே" என்று மட்டும் சொன்னார். முனுசாமிக்கு விஷயம் புரியாவிட்டாலும் அவனும் அழுதான். நான் வீட்டுக்கு வந்து சரோஜாவிடம், இட்லித் துண்டு கிடைத்த மாதிரி இருக்கிறது என்றேன். அவள் கேசரி கிளறி அண்டை வீடெல்லாம் கொடுத்தாள். "எங்க ஊட்டுக்காரரு உப்புல இன்னாமோ கண்டுபுடிச்சிட்டாரு" என்று அவள் வாசலில் சொல்வது உள்ளே எனக்குக் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதற்கு அப்புறம் எனக்குச் சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் வெகு நாள் வரவில்லை, அதனால் அந்தச் சாயங்காலத்தை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

கார்த்திகையில் அவளுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தோம், திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிறகு பட்டணத்துக்குக் கொண்டு போனோம். மார்கழி பிறந்த வாரத்தில் போய்விட்டாள். உனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. எனக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கிறாய். ஒன்றும் ஆகவில்லை, அதுதான் விஷயம். கொள்ளி வைத்தேன், சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பெண்கள் மாரடித்து அழுதார்கள், எனக்கு அது பக்கத்துத் தெருவில் நடப்பது மாதிரி இருந்தது. "அழுதுடு மாமா, உள்ள வெச்சிக்காத" என்று உன் மாமா என் முதுகைத் தடவினார். எவ்வளவு தேடினாலும் உள்ளே எதுவும் இல்லை. "கல்லாட்டம் குந்திகினுகீறாரு பாரு" என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டும் கோபம் வரவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. காரியம் முடிந்ததும் உன் மாமா உன்னைத் திருப்பாச்சூருக்குக் கூட்டிப்போனார், நான் தடுக்கவில்லை. நீ பஸ் ஜன்னலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டே போனாய். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் வேலைக்குப் போய்விட்டேன். உன்னை வேண்டாம் என்று அனுப்பியதாக நீ இத்தனை வருஷமும் நினைத்திருந்தால், அப்படி இல்லை. ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள உயிரோடு ஓர் ஆள் வேண்டும், அது அப்போது என் வீட்டில் இல்லை.

தை மாதம் புரொபசர் உலகத்துக்கு எழுதத் தயாரானார். எழுதுவதற்கு முன் ஒன்று பாக்கி இருந்தது. தட்டில் உப்பு இல்லாமல், வெறும் தட்டை அதே மாதிரிச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். உப்பில்தான் அது இருக்கிறது என்றால் வெறும் தட்டில் பேனா எழும்பக் கூடாது. ரப்பர் வளையம் மாற்றப் பெரிய மூடியைத் திறப்பதற்கு முன்பு அப்படிப் பார்த்திருந்தோம், சுத்தமாக இருந்தது. மூடிய பிறகு பார்க்கவில்லை. "சாஸ்திரத்துக்கு ஒரு தடவ பாத்துடும், அப்பறம் எழுதிடலாம்" என்றார். பகல் சாப்பாட்டுக்கு முன், தட்டைச் சூடாக்கும் மின்னடுப்பை ஏற்றினேன். வெறும் தட்டு. அறுபத்தொன்பதில் பேனா எழும்பியது. உப்பு வைத்தபோது எவ்வளவு உயரமோ அதே உயரம். புரொபசர் கிட்டே வந்து தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கலத்துக்குள் வேறு ஏதோ இருக்கிறது, அடுப்புச் சூட்டில் அது கசிகிறது, நாங்கள் பிடித்து வைத்துக் கொண்டாடியது அதைத்தான். "திறங்கோ" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. அன்று அந்தக் கிடங்கில் நாங்கள் இருவரும் ஒரே நிலையில்தான் இருந்தோம்.

காற்றை உள்ளே விட்டு, மூடியைத் தூக்கினோம். முதலில் வாசனைதான் வந்தது, மெலிசாக, தீய்ந்த சந்தன வாசனை. மூடியின் உள்விளிம்பில், ரப்பர் வளையத்துக்கு உள்பக்கம், நிழல் விழும் இடத்தில் ஒரு பொட்டு இருந்தது. சூட்டில் பழுப்பேறி, காய்ந்து, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. புரொபசர் டார்ச் அடித்தார். விரலின் கோடுகள் அப்படியே விழுந்திருந்தன. கோடுகளுக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. கல்யாணமான புதிதில் அரிவாள்மணையில் சுறாமீன் நறுக்கும்போது சரோஜா மோதிர விரலைக் கிழித்துக்கொண்டாள், நான்தான் துணி கட்டினேன். வேறு யார் விரலாகவும் இருக்க முடியாது. "யாருது?" என்றார் புரொபசர். "எங்க வீட்டுல வெச்சது சார்" என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டார். அவருடைய பல வருஷ வேலை அந்த நிமிஷம் வெறும் சந்தன எண்ணெயாகிவிட்டது. ஆனால் அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதற்காக அந்த மனிதரை நான் இன்றும் கும்பிடுகிறேன்.

இனி நீ கேட்டதுக்கு வருகிறேன். சந்தனம்தான் காரணம் என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். சந்தன எண்ணெய் சூட்டில் உடையும்போது அறுபத்தொன்பது எடையில் ஒரு துணுக்கு வருகிறதா என்று தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். புரொபசர், "கடையில சந்தனக் கட்டை வாங்கி அரைச்சு வெச்சா போறும். இத விட்டுடும்" என்றார். கை கழுவும் இடத்தில் நீ "அதயா எரிச்ச?" என்று கேட்டதற்கும் இதுதான் பொருள், புதுச் சந்தனம் வைத்திருக்கலாமே என்று. வைத்திருக்கலாம். நான்தான், "அது சந்தனத்தால இப்படி ஆகும்னுதான் சார் காட்டும். இந்தச் சந்தனத்தாலதான் ஆச்சுன்னு காட்டாது" என்றேன். அவருக்கு அதை மறுக்க வழி இல்லை. நீயும் ஆலையில் உருக்கின இரும்பைத்தான் சோதிக்கிறாய், பக்கத்துக் குவியலில் இருந்து ஒரு துண்டை எடுத்துச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டாய். நான் சொன்னது சரியான காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் உன்னை ஏமாற்றுவதாகும்.

எப்படியும் அந்த இடத்தைத் துடைத்தாக வேண்டும், மோகன். மூடியை வெட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. விரல் பதிந்ததை அப்படியே பெயர்க்கவும் முடியாது, பிளேடு பட்டதும் தூளாகிவிடும். ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே என்று உனக்குத் தோன்றும், எனக்கு அது தோன்றவில்லை. அப்போது எனக்கு எதுவுமே தோன்றாது. ஸ்பிரிட் துணியில் துடைத்தால் அது துணியோடு குப்பைக்கூடையில் விழும். முனுசாமி அதைச் சாயங்காலம் கொண்டுபோய் ரயில் பாதை ஓரம் கொட்டுவான். தூளைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கலாம். வைத்திருந்தால் அது என்றைக்காவது என் கையில் தட்டுப்படும், நான் அதைப் பார்ப்பேன், அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். அந்தப் பயம்தான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே உணர்ச்சி. அதனால் எல்லாவற்றையும் பிளாட்டினத் தட்டில் சுரண்டினேன். கொஞ்சம்கூட மிச்சம் வைக்கவில்லை. கலத்தைச் சுத்தம் செய்து, மூடி, வெற்றிடம் வந்த பிறகு பக்கத்து வாசல் வழியாகத் தட்டை உள்ளே தள்ளி அடுப்பை ஏற்றினேன்.

பேனா அறுபத்தொன்பதில் எழும்பித் தாளின் விளிம்பைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. கருவியின் உணர்திறனைக் குறைத்துக் குறைத்து வைத்தும் இறங்கவில்லை. புரொபசர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போறும், தெரிஞ்சுபோச்சு, அணைச்சிடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் அணைக்கவில்லை. அடுப்பு அதன் பாட்டுக்கு எரிந்தது. பேனா மெள்ள மெள்ள இறங்கியது. இரண்டு ரயில் போயின. கடைசியில் அடிக்கோட்டில் வந்து நேராக ஓடத் தொடங்கியது. மார்கழியிலிருந்து அன்று வரை என் எதிரில் நடந்த எதுவும் என்னைத் தொடவில்லை, அந்தப் பேனா இறங்குவதை மட்டும் நான் முழுக்கப் பார்த்தேன். சுடுகாட்டில் இருந்ததைவிட அங்கே நான் அதிகமாக இருந்தேன். அழுதேனா என்றால் இல்லை. ஆனால் வலித்தது. இங்கே, மார்புக்குக் கீழே, பிடித்துக்கொண்ட மாதிரி வலித்தது. வலிக்கிறதே என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த வாரக் கடைசியில்தான் திருப்பாச்சூர் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வந்தேன். நீ என்னிடம் வராமல் அத்தை முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது.

நாங்கள் எழுத இருந்ததை எழுதவில்லை. காட்டுப்பள்ளி உப்பில் தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று புரொபசர் நாலு வரி எழுதி அனுப்பினார். இல்லை என்று சொல்வதற்கும் யாராவது வேண்டும் என்றார். அதற்கு அப்புறமும் சிப்பி, மண், ஏரித் தண்ணீர் என்று தேடிக்கொண்டுதான் இருந்தோம், பணம் நின்றுபோகும் வரைக்கும். இப்போது கிடங்கு இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் பழக்கம் இல்லை. சம்பளத்தை அவள் கையில் கொடு. அவள் வீட்டு மனிதர்கள் வந்தால் பேப்பரை மடித்து வை. அவள் செய்வதில் உனக்குப் பிடிக்காத வழக்கம் ஏதாவது இருந்தால் முன்னாலேயே சொல்லி அவளோடு சண்டை போடு, எதிரில் சிரித்துவிட்டுப் பின்னால் போய்த் துடைக்காதே. உனக்கு எதுவும் உறைக்காமல் மரத்துப்போகிற காலம் வந்தால், என் பிள்ளை என்பதால் வந்தாலும் வரும், அதை அவளிடம் வாய் திறந்து சொல்லிவிடு. சொல்ல என்னிடம் ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியவில்லை. நீ வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு முனுசாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தப்பு பண்ணிட்டேன் சார். புள்ள மனசு நொந்துபூட்டுது" என்றான். பரவாயில்லை என்றேன். அவன் எழுந்து போகவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா அத்த வெச்சப்ப நானு பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன் சார்" என்றான். "வெளிய வெச்சா சாமியாரு தொடச்சிடறாரு, உள்ள வெச்சா யாரு பாக்கப்போறான்னு சிரிச்சிக்கினே வெச்சாங்க. புரொபசர் ஐயாவுக்குத் தெரிஞ்சா என் வேல பூடும்னு நானும் வாயத் தொறக்கல." அதெல்லாம் பழைய கதை, விடு என்றேன்.

"அது இல்ல சார். வெக்கறதுக்கு முன்னால உங்களக் கூப்ட்டாங்க. இன்னாங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்னு ரெண்டு தபா கூப்ட்டாங்க. நீங்க மீட்டராண்ட குனிஞ்சிக்கினு இருந்தீங்க. திரும்பாமயே, இருன்னு சொன்னீங்க. அவங்க கொஞ்ச நேரம் உங்களயே பாத்துக்கினு நின்னாங்க. அப்பறம் சரின்னு அவங்களே வெச்சாங்க."

எனக்கு அது ஞாபகம் இல்லை, மோகன். இந்த வாரம் முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு மீட்டரில் முள் எங்கே நின்றது என்பது நினைவில் இருக்கிறது. அவள் கூப்பிட்டது நினைவில் இல்லை. சந்தனத்தை என் கையால் வைக்கச் சொல்லக் கூப்பிட்டாளா, பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாளா, வேறு எதற்காவது கூப்பிட்டாளா, தெரியாது. இனிமேல் தெரியவும் வழி இல்லை. முனுசாமி போன பிறகு, நீ என்னைக் கேட்டாயே அந்த அழுகை, அது வந்தது. இத்தனை வருஷம் கழித்து, வாடகைப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். சமையல்காரர்கள் பார்த்துவிட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அப்பா என்று நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று மணையில் உன் மாமாவும் அத்தையும் உட்காரட்டும், வளர்த்தவர்களும் அவர்கள்தானே. எனக்கு எங்கே நாற்காலி போட்டாலும் சரி. மேளச் சத்தம் அதிகமாக இருக்கும், அதனால் நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்கிற தூரத்தில் போடச் சொல்.

நைனா